இருபது வளைவு, ஒரு பஸ்: ஏற்காட்டு விளையாட்டை முடித்த விதம்

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வேலைப் பட்டியலை உட்கார்ந்து எண்ணினோம். பாக்கி 640 வேலைகள். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நாங்கள் முடித்தவை 70. அதே ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவை 190. முடிப்பதைவிடச் சேர்வது இரண்டரை மடங்குக்கு மேல். இப்படியே போனால் இந்த வீடியோ கேம் என்றைக்கும் வெளியே வராது என்று அன்றைக்குத்தான் எண்ணாகப் பார்த்தோம். அதற்குள் மூன்று வருடம் போயிருந்தது.

நாங்கள் நாலு பேர். நான் நிரல் எழுதுகிறேன். கல்லூரி நண்பன் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்கிறான். அவன் தங்கை கதையும் உரையாடலும் திரை வடிவமைப்பும் பார்க்கிறாள். ஒலிக்கு எங்களைவிட ஆறு வயது மூத்த அண்ணன் ஒருவர். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நண்பனின் அப்பா நடத்தும் கொலுசுப் பட்டறைக்கு மேலே ஒரு அறை, இரவு எட்டு மணிக்கு மேல் எங்களுடையது.

2021இல் போட்ட திட்டம் இது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுவதையும் திரையில் கொண்டுவர வேண்டும். ஆட்டக்காரர் காப்பித் தோட்டம் வைத்து நடத்தலாம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றலாம், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகலாம், கிளியூர் அருவிக்கு இறங்கலாம், சேலத்திலிருந்து பஸ் ஓட்டிக்கொண்டு மேலே வரலாம். இது போதாதென்று இரண்டாவது காலம் ஒன்றும் வைத்திருந்தோம்: 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்த நாட்கள். ஒரே மலை, இருநூறு வருட இடைவெளி, நாற்பது கதாபாத்திரங்கள். எழுதி வைத்த திட்டம் மட்டும் 112 பக்கம். அதில் ஒரு வரியையும் நாங்கள் சும்மா எழுதவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த மலையைப் பற்றிச் செய்ய நினைத்தது எல்லாம் அதில் இருந்தது.

எண்ணி முடித்த அன்று யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் தங்கைதான் சொன்னாள்: "அண்ணா, இதுல எது ஓடுதோ அதை மட்டும் தனியா எடுத்து நாலு பேருக்குக் குடுத்துப் பாக்கலாம். என்ன செய்யறாங்கன்னு பாப்போம்."

சரி என்று ஒரு தனிக் கிளை பிரித்தோம். மலைப் பாதை, பஸ், அடிவாரத்தில் ஒரு சின்னத் தோட்டம். உறவினர், அக்கம்பக்கம் என்று ஒன்பது பேரைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். என் நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் பஸ்ஸிலிருந்து இறங்கவே இல்லை. தோட்டத்துக்குப் போகலாம் என்று திரையில் எழுதியிருந்தும் போகவில்லை. மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள், பின்னால் பயணிகள் பேசுவதைக் கேட்டார்கள், பதினோராவது வளைவில் எங்கள் சாலை முடிந்துபோனதும் "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்கள்.

அன்று இரவு முடிவு செய்தோம். கடைசி பஸ். ஒரே இரவு. அடிவாரத்திலிருந்து ஏரி வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். பதினொரு பயணிகள். மற்றதெல்லாம் வெளியே.

இதை எழுதுவது சுலபம். தங்கை காக்பர்ன் காலத்துக்காக அறுபது பக்கம் எழுதியிருந்தாள். தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கதை, இந்த மலையின் பழங்குடியான மலையாளி மக்களின் கதை, எல்லாம் தேடித் தேடிப் படித்து எழுதியது. அந்தக் கோப்பை அவளே நகர்த்தி வைத்தாள், நாங்கள் யாரும் கைவைக்கவில்லை. இரண்டு வாரம் அவள் அறைக்கு வரவில்லை. அறுபது பக்கத்திலிருந்து ஒரே ஒரு கதை மட்டும் தப்பித்தது: விளையாட்டில் ஏழாவது இருக்கையில் உட்கார்ந்து வரும் பாட்டி, தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லும் கதை. எட்டாவது வளைவில் ஆரம்பித்துப் பதினாறாவது வளைவில் முடியும். விளையாட்டிலேயே நல்ல பகுதி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

சாலை

மலையின் உயரங்களுக்கு நாசாவின் விண்கலம் ரேடாரால் அளந்த தரவை எடுத்திருந்தோம். 2000 பிப்ரவரியில் 11 நாளில் அளந்தது, இலவசமாகக் கிடைப்பது. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த ஏற்றம் திரையில் அழகாக வந்தது. சாலை மட்டும் வரவில்லை. தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவு முழுவதும் இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். எங்கள் மலையில் சாலை போகிற இடமெல்லாம் வழவழவென்று சரிவாக இருந்தது, பஸ்ஸை விட்டால் உருண்டுவிடும்.

முழு மலையையும் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நுணுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம். 20 கி.மீ.க்கு 20 கி.மீ. சதுரம் என்றால் 40 கோடி புள்ளிகள். நாலு பேர் சரிபார்க்கிற விஷயம் இல்லை. ஆனால் பஸ் மட்டும்தான் என்று ஆன பிறகு, சாலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 60 மீட்டர் அகலம் போதும். எங்கள் பாதை 21 கி.மீ. 12 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகளில் முடிந்தது. திட்டத்தைச் சுருக்கியதன் பலனை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

வேலை செய்த முறை: முதலில் சாலையை வளைகோடாக வரைந்தோம். அப்புறம் நிலத்தைச் சாலைக்கு ஏற்ப வெட்டினோம். சாலைக்கு அடியில் நிலம் 10 செ.மீ. தாழ்வாக இருக்கும், ஓரத்திலிருந்து எட்டு மீட்டருக்குள் மெல்ல மெல்லப் பழைய உயரத்தோடு சேரும். வளைகோடு வரைய நானும் நண்பனும் ஆறு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறி இறங்கினோம். மலை ஓரத்தில் போன் ஜிபிஎஸ் துள்ளும், ஒரே இடத்தில் நின்றாலும் புள்ளி பள்ளத்தில் விழும். ஆகவே ஒரே வளைவை ஆறு முறை பதிந்து சராசரி எடுத்தோம். வளைவு எண் எழுதிய பலகைகளைப் படம் எடுத்து, அந்தந்த இடத்தில் கோட்டைக் கட்டிப்போட்டோம்.

நடுங்கும் ஸ்டீயரிங்

மேலே ஏற ஏற, ஸ்டீயரிங்கும் ஓட்டுநரின் கைகளும் நடுங்கின. அடிவாரத்தில் ஒன்றும் இல்லை. ஏரி பக்கம் வந்தால் காய்ச்சல் கண்டது போல ஆடும். அனிமேஷன் கோளாறு என்று மூன்று வாரம் நண்பனைப் போட்டுத் தொந்தரவு செய்தேன். அவன் மேல் தவறே இல்லை.

காரணம் எண்கள். விளையாட்டை ஓட்டும் மென்பொருளான கேம் இன்ஜின் (எங்களுடையது கோடாட்) ஒவ்வொரு பொருளின் இடத்தையும் 32 பிட் தசம எண்ணில் வைக்கிறது. அதில் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட். உலகத்தின் தொடக்கப் புள்ளியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறோமோ, அவ்வளவுக்கு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே இடைவெளி கூடும். 8 கி.மீ. தாண்டினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், 16 கி.மீ. தாண்டினால் 2 மில்லிமீட்டர். பஸ்ஸின் மேல் இருக்கை, இருக்கையின் மேல் ஆள், ஆளின் மேல் கை என்று கணக்கு அடுக்கடுக்காகப் போகும்போது அந்தச் சின்ன இடைவெளி பெருகி, கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்டீயரிங்கில் நடுக்கமாகத் தெரிகிறது.

கோடாட்டை இரட்டைத் துல்லியத்தோடு (64 பிட் எண்களோடு) நாமே தொகுத்துக்கொள்ள வழி இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் நாங்களே தொகுக்க வேண்டிவரும். பதிலாக, பஸ் தொடக்கப் புள்ளியிலிருந்து 2 கி.மீ. விலகியதும் உலகம் முழுவதையும் பின்னால் நகர்த்தி, பஸ்ஸை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தோம். 2 கி.மீ.க்குள் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். நடுக்கம் அன்றே நின்றது.

ஆனால் நகர்த்தும்போது எதையும் விட்டுவிடக் கூடாது. நான் பயணிகளை விட்டுவிட்டேன். முதல் சோதனையில் பஸ் நகர்ந்தது, பதினொரு பேரும் உட்கார்ந்த நிலையிலேயே 2 கி.மீ. தள்ளி ஆகாயத்தில் நின்றார்கள். அதைச் சரிசெய்த பிறகு ஹாரன் ஒலி பழைய இடத்திலேயே நின்றது, டயர் புழுதி பள்ளத்தாக்குக்கு மேல் கிளம்பியது. கடைசியில் நகர வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கணுவுக்கு, அதாவது ஒரே தாய்ப் பொருளுக்குக் கீழே கொண்டுவந்து, அதற்கு வெளியே ஏதாவது இருந்தால் சிவப்பு எச்சரிக்கை வருமாறு எழுதினேன். இதை முதல் வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெரிய நிலப்பரப்பு வைத்து விளையாட்டு செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பிச் செடியும் பனிமூட்டமும்

மேல் வளைவுகளுக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வருகிறது. இரண்டு லட்சம் செடிகள் நட்டிருந்தோம். சோதனைக்கு வைத்திருந்தது தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத ஒரு பழைய லேப்டாப். எங்கள் விளையாட்டை ஆடப்போகிற பிள்ளைகளிடம் இருப்பது அந்த மாதிரிதான் என்று அதை மாற்றவே இல்லை. விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) வேண்டுமென்றால் ஒரு சட்டகத்துக்கு 33 மில்லி விநாடிதான் கிடைக்கும். எங்களுக்கு 71 ஆனது.

எல்லாச் செடியையும் ஒரே மல்டிமெஷ்ஷில் (ஒரே மாதிரிப் பொருட்களை மொத்தமாக வரையும் தொகுப்பு) போட்டிருந்ததுதான் முதல் தவறு. மல்டிமெஷ் முழுவதும் வரையும், இல்லையென்றால் முழுவதும் விடும். முதுகுக்குப் பின்னால் இருக்கிற செடியைத் தனியாகக் கழிக்காது. 64 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தோம், 44க்கு இறங்கியது. தொலைவில் உள்ள சில்வர் ஓக் மரங்களைத் தட்டையான படமாக மாற்றினோம், 38. அதற்குமேல் இரண்டு மாதம் என்ன செய்தும் இறங்கவில்லை.

பனிமூட்டம் போட்டு மறைக்கலாம் என்று நண்பன் ஆரம்பத்திலேயே சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்த வேலையை மறைப்பது ஏமாற்று என்று எனக்குப் பட்டது. கார்த்திகையில் ஒரு இரவு, ஒலி பதிவதற்காக அண்ணனோடு மலை ஏறினேன். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. பைக் வெளிச்சத்தில் தடுப்புச் சுவரின் வெள்ளைப் பூச்சு தெரிகிறது, ஓரத்து மரத்தின் அடிப்பாகம் தெரிகிறது, அவ்வளவுதான். மேலிருந்து ஒரு லாரி ஹாரன் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டோம். பனிக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் மெல்ல மெல்லப் பெரிதாகி, லாரி எங்களைக் கடந்து கீழே போனது. இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். கடைசி பஸ் ஓட்டுகிறவர் பார்க்கிற மலை இதுதான். நாங்கள் திரையில் வைத்திருந்தது பகலில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர் பார்க்கிற மலை.

திரும்பி வந்து பனியை 60 மீட்டரில் வைத்தோம். 19 மில்லி விநாடி. இரண்டு லட்சம் செடியில் ஒன்றரை லட்சத்தைப் பிடுங்கினோம்.

தமிழ் எழுத்து

நாங்கள் முதலில் வேறொரு இன்ஜினில் இருந்தோம். அதில் தமிழ் உடைந்தது. 'கெ' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' இரண்டாகப் பிரியாது. யூனிகோட் கோப்பில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது, அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. அந்த நிரல் அங்கே இல்லை. உரையாடலை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம். 2023 மார்ச்சில் கோடாட் 4.0 வந்தது. அதில் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நிரல் உள்ளேயே இருக்கிறது. தமிழ் அப்படியே சரியாக வந்தது. மாறுவதற்கு ஐந்து மாதம் பிடித்தது, அந்த ஐந்து மாதத்துக்கு நான் வருந்தவில்லை.

இன்னொரு குறை மிச்சம் இருந்தது. உரையாடல் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வரும். "பாட்டி பேசறப்ப எழுத்து திக்குது" என்றாள் தங்கை. உண்மைதான். 'க்' கணினிக்கு இரண்டு குறியீடு: க, அப்புறம் புள்ளி. முதலில் 'க' தெரிந்து பிறகு தலையில் புள்ளி முளைக்கும். குறியீடாக எண்ணாமல், மெய்யோடு அதன் குறியையும் சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணுமாறு மாற்றினேன். இருபது வரி நிரல்தான். பாட்டி தடங்கலில்லாமல் பேச ஆரம்பித்தார்.

பின்சக்கரம்

நண்பனின் சித்தப்பா இந்த மலையில் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். 2024 கடைசியில் அவரைக் கூட்டிவந்து கணினி முன் உட்கார வைத்தோம். முதல் வளைவில் திருப்பியதுமே கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இது பஸ் இல்ல. நடுவுல ஆணி அடிச்ச மாதிரி சுத்துது."

நான் பஸ்ஸை அதன் நடுப்புள்ளியில் சுழலவிட்டிருந்தேன். மூன்று வருடமாக எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு தீப்பெட்டியை மேசைமேல் வைத்து நகர்த்திக் காட்டினார். முன்சக்கரம் வெளியே போகும், பின்சக்கரம் அதே தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வெளி ஓரத்துக்குப் போய்த் திருப்புகிறார். எவ்வளவு உள்ளே வெட்டும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். எங்கள் பஸ்ஸுக்கு அச்சு இடைவெளி 5 மீட்டர். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு மீட்டரில்தான் உள்பக்கத் தடுப்புச் சுவர் இருக்கிறது.

பின் அச்சை மையமாக வைத்துப் பஸ்ஸின் இயக்கத்தைப் புதிதாக எழுதினேன். ஒரு மாதம் ஆனது. பஸ் திடீரென்று கனமாகிவிட்டது போல இருந்தது. எடையை நான் தொடவே இல்லை. அதுவரை வளைவு என்பது வெறும் திருப்பம், இப்போது ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. நாற்பது கதாபாத்திரமும் திருவிழாவும் வைத்து நாங்கள் தேடிக்கொண்டிருந்த சுவை அங்கே இருந்தது.

சித்தப்பா இன்னொன்றும் பிடித்தார். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும். அது சட்டத்திலும் உண்டு. எங்கள் லாரிகள் யாருக்கும் நிற்கவில்லை. இப்போது எதிரில் வரும் வண்டி பஸ்ஸின் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓரம் கட்டி முகப்பு விளக்கைத் தாழ்த்தும். கண்டக்டரின் விசிலையும் அவரே ஊதிக் காட்டினார்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. பட்டறையில் தட்டுகிற சத்தம் ஓய்ந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு அதைப் பதிந்தோம்.

வெளியிடுவது

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் பதிய 100 டாலர். கட்டிய பின் 30 நாள் காத்திருக்க வேண்டும், 'விரைவில்' என்ற பக்கம் இரண்டு வாரமாவது பொதுவில் இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். எங்களைக் குழப்பியது வேறு. அங்கே 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எங்கள் விளையாட்டு ஒரு மணி நாற்பது நிமிடம். முழுவதும் விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். இன்னும் அரை மணி நேரம் நீட்டலாமா என்று ஒரு வாரம் பேசினோம். எதை நீட்டுவது? சாலை இருபது வளைவுதான். நீட்டவில்லை, விலையைக் குறைத்தோம்.

கடைசிச் சோதனைக்குச் சித்தப்பா மறுபடி வந்தார். இந்த முறை பேசவில்லை. அடிவாரத்திலிருந்து ஏறினார், பாட்டி கதையைக் கேட்டார், பதினேழாவது வளைவில் ஒரு வேனுக்கு ஹாரன் அடித்தார். ஏரி ஓரம் வந்து நின்றதும் பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். திரை இருண்டு பெயர்கள் வரத் தொடங்கின. அவர் இன்னும் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எங்க ஆஃப் பண்றது?"

அதற்கு ஒரு பொத்தானை நாங்கள் வைக்கவே இல்லை.

அன்றிரவே சேர்த்தோம். இப்போது கடைசிப் பயணி இறங்கிய பிறகு திரை தானாக இருளாது. ஆட்டக்காரர் சாவியைத் திருப்ப வேண்டும். இன்ஜின் ஒருமுறை உதறி நிற்கும், முகப்பு விளக்கு அணையும், ஏரியிலிருந்து தவளைச் சத்தம் கேட்கும். அண்ணன் அதற்கென்று மறுபடி ஒருமுறை மலை ஏறிப் பதிந்துகொண்டு வந்தார். வேலைப் பட்டியலில் 641ஆவது அது. முடித்து, கோப்பை ஏற்றினோம்.